நாலு மணி முதல் ஆறரை வரை

பதினோரு வருஷம்
தொகொசீலேயின் கையை மட்டும்தான் எனக்குத் தெரியும்.
சாம்பல் துணி போர்த்திய தடுப்பின் மேல்
பத்தரை மணிக்கு முளைக்கும்.
ஸ்டேப்ளர் கேட்கும். குளிர்காலமானால்
உரித்த நார்ச்சிப் பழத்தில் பாதி தரும்.
கட்டைவிரலடியில் ஒரு தீக்காயம்.
அதன் கதையை ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டேன்.
முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கமாட்டேன்.

முகமே தெரியாது என்றில்லை.
லிஃப்டில் பார்ப்போம், கழிவறைக் கண்ணாடியில் பார்ப்போம்,
குட் மார்னிங், அவ்வளவுதான்.
அது வேறு ஆள்.
பேச்செல்லாம் தடுப்புக்கு இப்புறமும் அப்புறமும்:
உம்லாசியில் அவள் தம்பி கட்டும் வீட்டுக்குச் சிமெண்ட் பற்றாதது,
என் மாமியார் என் கறியில் உப்புப் பார்க்கும் விதம்,
யாருடைய புருஷன் எத்தனை மணிக்கு போன் செய்யவில்லை என்பது;
நொறுங்கிய கார்களின் கோப்புகளைப் புரட்டிக்கொண்டே.
ஒருமுறை அவள் அழுதாள்.
தடுப்பு லேசாக ஆடியது.
நான் நாற்காலியைத் திருப்பி
என் பக்கத்திலிருந்து அதை முதுகால் தாங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு கேப்டவுனிலிருந்து ஒரு வடிவமைப்பாளர் வந்தார்,
ஷூவுக்குள் காலுறை இல்லாமல்.
"தடைகளை நீக்குவோம்" என்றார்.
டர்பனில் அந்த வாக்கியத்துக்கு யார் மறுப்புச் சொல்வது?
இதே கட்டடத்தின் பின்கதவு வழியாகத்தான்
என் அப்பா பிரீமியம் கட்ட வந்தார்.
அதைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று;
இப்போது அங்கே காபி இயந்திரம்.
மேனேஜர் மூட்லி கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

ஈஸ்டர் லீவு முடிந்து வந்தால்
தளம் முழுக்க வெளிச்சம்.
ஒரே நீள மேசை, கல்யாணப் பந்தி மாதிரி,
இலைதான் போடவில்லை.
கண்ணாடிக்கு அப்பால் துறைமுகத்துக் கிரேன்கள்.
இப்பால், நேரெதிரே, நாலடி தூரத்தில்
தொகொசீலேயின் முகம், முழுசாக.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.
எட்டு மணி நேரம் அப்படிச் சிரிக்க முடியுமா?
புதன்கிழமைக்குள் அவள் காதில் ஹெட்ஃபோன்.
நான் பழைய டெலிபோன் டைரக்டரி ஒன்றை அடியில் கொடுத்து
என் திரையை இரண்டங்குலம் உயர்த்திக்கொண்டேன்.
ஸ்டேப்ளர் வேண்டுமென்றால் மின்னஞ்சல் வந்தது,
டியர் சலோஷினி என்று.
மூட்லி தன் கண்ணாடி அறையிலிருந்து எல்லாரையும் பார்த்தார்,
அவர் சாண்ட்விச் தின்பதை எல்லாரும் பார்த்தோம்.
பழம் உரித்தால் முப்பது மூக்குகள் திரும்பின.
யாரும் உரிப்பதில்லை.

ஜூன் கடைசி. கணக்கு முடிக்கும் நாள் பார்த்து மின்வெட்டு.
ஜெனரேட்டர் சர்வருக்கு மட்டும்.
மடிக்கணினிகள் ஒவ்வொன்றாய் உயிரை விட்டன.
ஐந்தேகாலுக்குத் துறைமுகமும் இருண்டது.
மூட்லிகூட வெறும் கறையாகிவிட்டார்.

முதலில் வாசனை வந்தது.
பிறகு மேசைமேல் ஏதோ நகர்ந்து
என் விரலில் இடித்தது, ஈரமாக.
பாதி.
"என் தம்பிக்கு ஆண் குழந்தை" என்றது இருட்டு.
எப்போது?
"மே மாதம்."
மே முழுக்க நான் நாலடி தூரத்தில்தானே இருந்தேன்.
கோபம் வந்தது; யார்மேல் என்று பிடிபடவில்லை.
மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதைச் சொன்னேன்.
"உப்பு?" என்றாள்.
இப்போது சப்பென்று இருக்கிறதாம்.
மூக்கால் சிரித்தாள்,
தடுப்புக் காலத்துச் சிரிப்பு. இந்த முகத்தில்
அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆறரைக்கு விளக்குகள் மொத்தமாய் எரிந்தன.
திருடி மாட்டியவர்கள் போல
வாயிலிருந்த கொட்டையை எங்கே துப்புவதென்று தேடினோம்.

மறுநாள் அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல்.
டியர் இல்லை. ஸ்டேப்ளர் இல்லை.
ஒரு வரி:
வியாழன், நாலு மணி முதல் ஆறரை வரை.

வியாழனன்று எனக்கு வேலை நாலரைக்கே முடிந்துவிடும்.
நிலுவைக் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன என்றேன்
மூட்லியிடம்.